புக்கியின் மார்ஜின்: டர்பனில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பந்தயத்தில் பெரிய ஆள் இல்லை. வாரம் ஒரு பந்தயச் சீட்டு, அதுவும் கால்பந்து சாம்பியன்ஸ் லீக் நடக்கிற மாதங்களில் மட்டும். ஆனால் கணக்குக்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து, இங்கே சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டி "இந்த ஆட்ஸ் நல்லதா பாருங்கண்ணா" என்கிறார். பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) சாப்பிட்ட கையைத் துடைக்கும் காகிதத்திலேயே எத்தனையோ தடவை வகுத்துக் காட்டியிருக்கிறேன். சலித்துப்போய் இதை எழுதி வைத்தேன்.

கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். ஆட்ஸ் என்பது ஜெயித்தால் போட்ட காசு எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற எண். இதில் வரும் ஆட்ஸ் எல்லாம் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை, எந்தப் பந்தயக் கடையின் விலையும் இல்லை. 18 வயது ஆகாத தம்பிகள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மார்ஜின் மார்ஜின் என்கிறீர்களே, அது எங்கே எழுதியிருக்கிறது? என் சீட்டில் ஒன்றும் காணோமே?

எங்கேயும் எழுதியிருக்காது. வங்கி கட்டணம் பிடித்தால் அதைத் தனியாக எழுதிக் காட்டும். புக்கி, அதாவது பந்தயம் வாங்கும் கடைக்காரர், அப்படிக் காட்ட மாட்டார், அவருடைய பங்கு ஆட்ஸுக்குள்ளேயே கரைந்திருக்கும்.

நாணயம் சுண்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தலை விழவும் பூ விழவும் சரிபாதி வாய்ப்பு. நியாயமான ஆட்ஸ் இரண்டுக்கும் 2.00. புக்கி 1.90 தருகிறார். நீங்கள் தலைமேல் 100 ரேண்ட் (இந்த நாட்டுப் பணம்) வைக்கிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் பூமேல் 100 வைக்கிறார். பெட்டியில் 200. எது விழுந்தாலும் அவர் கொடுக்க வேண்டியது 190. மிச்சம் 10 ரேண்ட். நாணயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் அவர் சம்பாதித்தது அது. அதைத்தான் மார்ஜின் என்கிறோம்.

1.80 என்றால் போட்ட காசும் சேர்த்தா, தனியா?

சேர்த்து. 100 வைத்தால் கைக்கு வருவது 180, அதில் லாபம் 80. டர்பனின் கிரேவில் மைதானத்துக் குதிரைப் பந்தயத்தில் வளர்ந்த பெரியவர்கள் இதையே 4/5 என்பார்கள். பின்னத்தை வகுத்து ஒன்று கூட்டினால் 1.80. இரண்டு கடைகளை ஒப்பிடும்போது ஒன்றில் பின்னமும் இன்னொன்றில் தசமமும் இருந்தால் முதலில் தசமத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கணக்கே வராது. சுருக்கமாகச் சொல்லுங்கள், எப்படிப் பார்ப்பது?

கைப்பேசியில் கால்குலேட்டர் இருக்கிறது அல்லவா? அது போதும். ஒன்றை ஒவ்வொரு ஆட்ஸாலும் வகுத்து, வருவதையெல்லாம் கூட்ட வேண்டும்.

நம் ஊர்க் கால்பந்து அணி மாமெலோடி சன்டவுன்ஸும் கெய்ரோவின் அல் அஹ்லியும் பிரிட்டோரியாவில் மோதுகிறார்கள் என்று வைப்போம். முதல் கடையில் சன்டவுன்ஸ் 1.80, டிரா 3.40, அல் அஹ்லி 4.50. வகுத்தால் 0.5556, 0.2941, 0.2222. கூட்டினால் 1.0719. நியாயமான விலையாக இருந்தால் கூட்டுத்தொகை சரியாக 1 வர வேண்டும். மேலே நிற்கிற 0.0719, அதாவது 7.2%, கடைக்காரரின் மார்ஜின்.

இரண்டாவது கடையில் 1.85, 3.50, 4.60. கூட்டுத்தொகை 1.0436. மார்ஜின் 4.4%. அதே ஆட்டம், அதே நாள், விலை மட்டும் மலிவு. இனி வரும் பதில்களில் முதல் கடை, இரண்டாம் கடை என்றால் இவை இரண்டும்தான்.

நீங்கள் 7.2 என்கிறீர்கள். என் மச்சான் அதே ஆட்ஸுக்கு 6.7 என்கிறான். யார் தப்பு?

யாரும் தப்பில்லை. நான் சொன்னது ஒன்றுக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்பது. மச்சான் சொல்வது, உள்ளே வந்த மொத்தப் பணத்தில் கடையில் தங்குவது எத்தனை பங்கு என்பது. 7.19-ஐ 107.19-ஆல் வகுத்தால் 6.7. கடைக்காரர்கள் வாங்கிய விலைமேல் லாபம், விற்ற விலைமேல் லாபம் என்று இரண்டு விதமாகச் சொல்வார்களே, அதே கதை. உங்கள் பையிலிருந்து சராசரியாகப் போவது எவ்வளவு என்று கேட்டால் மச்சான் கணக்கே பொருத்தம். முதல் கடையில் 100 ரேண்டுக்கு 6.70 போகும், 93.30 திரும்பும். இரண்டாம் கடையில் 95.80 திரும்பும். எந்த முறையில் பார்த்தாலும் இரண்டு கடைக்கும் ஒரே முறையைப் பயன்படுத்துங்கள்.

எத்தனை சதவீதம் இருந்தால் நல்ல மார்ஜின்?

ஆட்டத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் பெரிய ஆட்டங்களில், வெற்றி-டிரா-தோல்வி சந்தையில் (ஒரு ஆட்டத்தில் பந்தயம் வைக்கும் ஒவ்வொரு வகையும் ஒரு சந்தை) 3 முதல் 6 வரை பார்க்கலாம். ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்குக்கு வந்தால் அதே கடை 7, 8 என்று ஏற்றி வைத்திருக்கும். முதல் சுற்றுகளில், பெயர் கேள்விப்படாத அணிகள் வரும்போது இன்னும் மேலே போகும்.

காரணம் எளிது. ரியல் மாட்ரிட் ஆட்டத்தில் உலகம் முழுக்கப் பணம் புரள்கிறது, கடைகளுக்குள் போட்டி இருக்கிறது, யாருக்குக் காயம் என்ற செய்தி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. ஆப்பிரிக்கக் கிளப் ஆட்டத்தில் அணி எப்போது விமானம் ஏறியது, மைதானம் எப்படி என்று புக்கிக்கே முழுசாகத் தெரியாது. தெரியாததற்கு அவர் கூடுதல் விலை வைக்கிறார். நம் ஊர் அணிமேல் பாசம் வைத்து ஆடுகிறவர்கள்தான் அதைக் கட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் உறுத்தல்.

சரியான ஸ்கோர், முதல் கோல் யார் போன்றவற்றில் 15, 20 என்று சர்வசாதாரணமாகத் தாண்டும். அவற்றை ஒப்பிட்டு நேரம் வீணாக்குவதில்லை நான்.

எல்லா சைட்டிலும் ஏறக்குறைய ஒரே ஆட்ஸ்தான். இதில் ஒப்பிட்டு என்னத்தைக் கண்டோம்?

பாதி உண்மை. பல கடைகள் ஆட்ஸைத் தாங்களே போடுவதில்லை, தரவு விற்கும் நிறுவனங்களிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. அதனால் வேறு வேறு பெயர்ப் பலகையின் கீழ் கடைசிப் புள்ளி வரை ஒரே எண் வரும். அப்படிப்பட்ட இரண்டு கடைகளில் கணக்கு வைத்திருந்தால் ஒரு கடை வைத்திருப்பதற்குச் சமம். எண்கள் நிஜமாகவே வேறுபடுகிற மூன்று கடைகள் போதும். ஒவ்வொன்றிலும் அடையாள ஆவணம், முகவரிச் சான்று என்று ஒரே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னத்தைக் கண்டோம் என்பதற்கு: வாரம் 200 ரேண்ட், 52 வாரம், மொத்தம் 10,400. முதல் கடையில் சராசரியாகப் போவது 697 ரேண்ட். இரண்டாம் கடையில் 437. வித்தியாசம் 260 ரேண்ட். பெரிய தொகை இல்லைதான். மல்டி (பல ஆட்டங்களை ஒரே சீட்டில் சேர்த்து, எல்லாம் ஜெயித்தால்தான் பணம்) பற்றிய கேள்விக்கு வரும்போது இந்த 697-ஐ ஞாபகம் வைத்திருங்கள்.

மொத்த மார்ஜின் குறைவான சைட்டில், நான் ஆடும் டீமின் ஆட்ஸும் குறைவாக இருக்கிறதே? எதைப் பார்ப்பது?

நல்ல கேள்வி. இதை முதலில் கேட்டது ஃபீனிக்ஸில் பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு டாக்ஸிக்காரர்.

மூன்றாவதாக ஒரு கடை, சன்டவுன்ஸ் 1.76, டிரா 3.75, அல் அஹ்லி 5.20 தருகிறது. கூட்டினால் 1.0272. மார்ஜின் 2.7% மட்டுமே, மூன்றிலும் இதுதான் மலிவு. ஆனால் நீங்கள் சன்டவுன்ஸ்மேல் வைக்கப் போகிறீர்கள் என்றால் 7.2% எடுக்கும் முதல் கடையே இதைவிட நல்ல விலை தருகிறது. மார்ஜின் என்பது கடையின் சராசரி. நீங்கள் வாங்குவது ஒரு பொருள். அரிசி விலையைப் பார்க்காமல் கடையின் மொத்தப் பட்டியலைப் பார்த்து வாங்குவீர்களா? எந்தக் கடைகளை வரிசையில் வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க மார்ஜின் உதவும். காசு வைக்கும் நிமிடத்தில் உங்கள் பக்கத்து ஆட்ஸ் மட்டுமே பேச வேண்டும்.

இதற்குள் இன்னொரு சங்கதி. மார்ஜினை எல்லாப் பக்கமும் சமமாகப் பூசுவதில்லை. ஜெயிக்க வாய்ப்புக் குறைந்த அணியின் ஆட்ஸில் அதிகம், பலமான அணியின் ஆட்ஸில் குறைவாகப் பூசுவது வழக்கம். குதிரைப் பந்தயத்தில் இந்தச் சாய்வை அமெரிக்க உளவியல் ஆய்வாளர் கிரிஃபித் 1949-லேயே எழுதினார். 15.00, 20.00 என்று கண்ணைப் பறிக்கும் எண்களில் கடையின் பங்கு மொத்த மார்ஜினைவிட அதிகமாக ஒளிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை.

மல்டி போட்டால் நாலு ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரு மார்ஜின்தானே எடுப்பார்கள்?

இல்லை, நாலு தடவை எடுப்பார்கள். இந்த ஒரு பதிலுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்று சொன்னாலும் சரி.

மல்டியில் ஆட்ஸைப் பெருக்குகிறார்கள். ஆட்ஸுக்குள் மார்ஜின் இருக்கிறது, ஆகவே அதுவும் பெருகுகிறது. முதல் கடையில் 100 ரேண்டுக்கு 93.30 திரும்புகிறது என்று பார்த்தோம். நாலு ஆட்டத்தைச் சேர்த்தால் 0.933-ஐ நாலு தடவை பெருக்க வேண்டும். வருவது 0.758. அதாவது 100-க்குச் சராசரியாகத் திரும்புவது 75.80, கடைக்கு 24.20. இரண்டாம் கடையில் அதே நாலு ஆட்டம் என்றால் திரும்புவது 84.20.

இப்போது அந்த 697-ஐ எடுங்கள். வருடம் 10,400 ரேண்ட், எல்லாம் நாலு ஆட்ட மல்டி என்றால் முதல் கடையில் போவது ஏறக்குறைய 2,500. மலிவான இரண்டாம் கடையிலும் 1,600-க்கு மேல். விலை கூடிய கடையில் ஒற்றை ஆட்டமாக வைப்பவர் இழப்பது 697. ஆக, மலிவான கடையைத் தேடித் தேடிப் பிடித்து அங்கே மல்டி போடுகிறவர், எதையும் ஒப்பிடாமல் ஒற்றை ஆட்டம் வைப்பவரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறார். எந்தக் கடை என்று ஒரு மணி நேரம் வாதாடுகிற நண்பர்கள், சீட்டில் எத்தனை ஆட்டம் என்று ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை.

ஐந்து ரேண்டுக்கு ஐயாயிரம் என்ற ஆசை எனக்கும் புரிகிறது. அதை லாட்டரிச் சீட்டு மாதிரி நினைத்துப் போடுங்கள், மார்ஜின் பார்த்துப் போட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அதனால்தான் மல்டிக்கு போனஸ் தருகிறார்களே, அது ஈடுகட்டாதா?

முந்தின கணக்கையே நீட்டலாம். ஐந்து ஆட்டம் என்றால் முதல் கடையில் 70.70 திரும்பும். ஒற்றை ஆட்டத்தின் 93.30-க்கு அதைத் தூக்கி நிறுத்த 32% போனஸ் வேண்டும். ஐந்து ஆட்டத்துக்கு 10% தந்தால் 77.80 வரை வரும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் சதவீதம் பெரும்பாலும் இன்னும் பல ஆட்டங்கள் சேர்த்தால்தான் கிடைக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குறைந்தபட்ச ஆட்ஸும் கேட்பார்கள். கடைசி வரியில் இருக்கும் நிபந்தனையை முதலில் படியுங்கள்.

இலவச பெட்டும் அப்படித்தான். 100 ரேண்ட் இலவச பெட்டை 1.80-இல் வைத்து ஜெயித்தால் பல இடங்களில் 180 வராது, 80 மட்டுமே வரும்.

ஒரே ஆட்டத்துக்குள் சன்டவுன்ஸ் வெற்றி, இரண்டு கோலுக்கு மேல், இன்னார் கோல் என்று சேர்க்கிற மல்டியில் மார்ஜினை நாம் வெளியிலிருந்து கணக்குப் போடவே முடியாது. ஒன்று நடந்தால் மற்றதும் நடக்க வாய்ப்புக் கூடுவதால் வெறும் பெருக்கல் செல்லாது, கடை சொல்வதுதான் விலை. ஒப்பிட ஒரே வழி, அதே சேர்க்கையை இரண்டு கடையில் போட்டுப் பார்ப்பது.

டபுள் சான்ஸ் போட்டேன், கூட்டினால் 2.16 வருகிறது. 116% மார்ஜினா?!

பயப்படாதீர்கள். டபுள் சான்ஸ் என்றால் வெற்றி, டிரா, தோல்வியில் ஏதாவது இரண்டைச் சேர்த்து ஒரே சீட்டாக வாங்குவது. அதில் எந்த முடிவு வந்தாலும் மூன்றில் இரண்டு சீட்டு ஜெயிக்கும். அதனால் நியாயமான கூட்டுத்தொகை 2. உங்கள் 2.16-ஐ இரண்டால் வகுத்தால் 1.08. மார்ஜின் 8%.

ஆனால் இதைத் தனியாக வாங்கத் தேவையே இல்லாமல் போகலாம். முதல் கடையில் சன்டவுன்ஸ் 1.80, டிரா 3.40. நூறு ரேண்டை 65.40, 34.60 என்று பிரித்து இரண்டிலும் வைத்தால் எது நடந்தாலும் 117.70 வரும். அதாவது நீங்களே செய்துகொண்ட டபுள் சான்ஸ், 1.177. கடை அதையே 1.17-க்கு விற்கிறது. டிரா என்றால் பணம் திரும்பும் சந்தையையும் இப்படிச் செய்யலாம். டிராவில் 29.40, சன்டவுன்ஸில் 70.60. டிரா என்றால் போட்ட நூறு திரும்பும், சன்டவுன்ஸ் ஜெயித்தால் 127. கடை 1.27-க்குக் குறைவாகக் காட்டினால் நீங்களே பிரித்து வையுங்கள். டிராவை ஒரு கடையிலும் வெற்றியை இன்னொரு கடையிலும் வாங்கினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஓவர் அண்டர், ஏஷியன் ஹேண்டிகேப்பில் மார்ஜின் குறைவு என்கிறார்கள். உண்மையா?

பெரிய ஆட்டங்களில் பெரும்பாலும் உண்மை. இரண்டே பக்கம் என்பதால் கணக்கும் சுலபம். 2.5 கோலுக்கு மேல், கீழ் இரண்டும் 1.90 என்றால் 5.3%. இரண்டும் 1.83 என்றால் 9.3%. பார்வைக்கு ஏழு சென்ட் வித்தியாசம், உள்ளே நாலு சதவீதம். கண்ணால் பார்த்து மதிப்பிடாதீர்கள், வகுத்துப் பாருங்கள்.

ஏஷியன் ஹேண்டிகேப் என்றால் ஒரு அணியின் கோலில் ஒரு எண்ணைக் கூட்டியோ கழித்தோ முடிவு பார்ப்பது, அந்த எண்தான் கோடு. ஒப்பிடும்போது கோடு ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். -0.25-ஐயும் -0.5-ஐயும் ஒப்பிடுவது கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவது. கோடு -1 போல முழு எண்ணாக இருந்தால், பணம் திரும்பி வரும் வாய்ப்பும் இருப்பதால், உண்மையில் போவது கணக்கில் வருவதைவிடச் சற்றுக் குறைவு.

சன்டவுன்ஸ் ஃபைனலுக்குப் போனார்கள், ஆனால் என் சீட்டு தோல்வி. இது ஏமாற்று வேலைதானே?

2025 ஏப்ரலில் இந்தக் கேள்வி ஒரே இரவில் நாலு பேரிடமிருந்து வந்தது. ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. அல் அஹ்லியுடன் பிரிட்டோரியாவில் 0-0, கெய்ரோவில் 1-1. வெளியூரில் அடித்த கோல் கணக்கில் சன்டவுன்ஸ் இறுதிக்குப் போனது. ஐரோப்பாவில் அந்த விதியை 2021-லேயே எடுத்துவிட்டார்கள், இங்கே இருந்தது. ஆனால் கெய்ரோ ஆட்டத்தின் முடிவு டிரா. "ஆட்ட முடிவு" சந்தையில் சன்டவுன்ஸ்மேல் வைத்தவர்கள் தோற்றார்கள். "அடுத்த சுற்றுக்குத் தகுதி" சந்தையில் வைத்தவர்கள் ஜெயித்தார்கள். புக்கிமேல் குற்றமில்லை.

ஆட்ட முடிவு என்பது 90 நிமிடமும் நடுவர் கூட்டித்தரும் நிமிடங்களும் மட்டும். கூடுதல் நேரம், பெனால்டி எதுவும் சேராது. தகுதிச் சந்தையில் டிரா கிடையாது, இரண்டே பக்கம், ஆட்ஸும் குறைவு.

நானும் மாட்டியிருக்கிறேன். ஒரு ஐரோப்பிய நாக்-அவுட் ஆட்டத்துக்கு ஒரு கடையில் 1.45, இன்னொன்றில் 1.70 என்று பார்த்து, அலிபாபா குகை திறந்துவிட்டது என்று 300 ரேண்ட் வைத்தேன். 1.45 தகுதிக்கான விலை, 1.70 தொண்ணூறு நிமிடத்துக்கான விலை. அணி பெனால்டியில் ஜெயித்தது. என் மனைவி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள். ஒரு கடையின் ஆட்ஸ் மற்றவற்றைவிட நம்ப முடியாத அளவு உயரமாக இருந்தால், முதலில் சந்தையின் பெயரைப் படியுங்கள்.

ஆட்டம் நடக்கும்போது ஆடினால் மார்ஜின் எப்படி?

பொதுவாகக் கூடும். ஒவ்வொரு நொடியும் விலை மாறுவதால் கடை தன் பாதுகாப்புக்கு ஏற்றி வைக்கும். நீங்கள் ஒப்பிட்டு முடிப்பதற்குள் எண் மாறிவிடும், அழுத்தினாலும் சில நொடி காக்க வைப்பார்கள். டிவியில் நாம் பார்க்கும் படமே பின்தங்கி வருகிறது. மூன்று கடையை ஒப்பிட நல்ல நேரம் ஆட்டத்துக்கு முந்தின ஒரு மணி நேரம், அணிப் பட்டியல் வந்த பிறகு.

கேஷ் அவுட் பட்டன் நமக்கு லாபம்தானே?

ஆட்டம் முடியும் முன்பே சீட்டைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துக் காசு வாங்குவதுதான் கேஷ் அவுட். 1.80-இல் 100 ரேண்ட் வைத்தீர்கள், அணி ஒரு கோல் முன்னிலை, நேரலை ஆட்ஸ் 1.20. உங்கள் 180-ஐ 1.20-ஆல் வகுத்தால் 150. பட்டன் 141 காட்டும். 1.20-க்குள் ஏற்கெனவே ஒரு மார்ஜின் இருக்கிறது, பட்டனில் இன்னொன்று. தூக்கம் வர வேண்டும் என்பதற்காக அழுத்தினால் சரி, அதற்கும் ஒரு விலை உண்டு என்று தெரிந்து அழுத்துங்கள்.

கப் யாருக்கு என்று சீசன் ஆரம்பத்திலேயே வைப்பது பற்றி?

2024-25 முதல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் 36 அணிகள். 36 ஆட்ஸையும் வகுத்துக் கூட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை வேண்டும். நான் ஒரு தடவை செய்தேன், 1.30-க்குப் பக்கத்தில் வந்தது. சாய்வு பற்றி மேலே சொன்னது இங்கேதான் முழு வேகத்தில் வேலை செய்யும், 500.00 போட்டிருக்கும் அணிகள் பட்டியலை நிரப்புகின்றன. மேலும் உங்கள் காசு ஒன்பது மாதம் வட்டியில்லாமல் அவர்கள் பெட்டியில் கிடக்கும். அதையும் மார்ஜினில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாக்கர் 6, சாக்கர் 13 எல்லாம்? அதில் ஆட்ஸே இல்லையே?

6 அல்லது 13 ஆட்டங்களின் முடிவையும் சரியாகச் சொல்ல வேண்டிய பந்தயங்கள் அவை, அது வேறு வகை. டோட் முறையில் எல்லோர் காசும் ஒரு பானைக்குள் போகிறது, நடத்துபவர் தன் பங்கை முதலில் எடுத்துவிடுவார், மிச்சத்தைச் சரியாகச் சொன்னவர்கள் பிரித்துக்கொள்வார்கள். அங்கே மார்ஜின் வெளிப்படையான கழிவு, ஒற்றை ஆட்ட மார்ஜினைவிட நிறையப் பெரியது. ஆனால் மல்டியோடுதான் அதை ஒப்பிட வேண்டும், ஏனென்றால் கழிவு ஒரு தடவைதான். 13 ஆட்டத்தை முதல் கடையில் மல்டியாகப் போட்டால் என்ன மிஞ்சும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

மூன்று கடையிலும் உயர்ந்த ஆட்ஸை எடுத்தால் கூட்டுத்தொகை 1-க்குக் கீழே வந்தது. அப்போ நிச்சய லாபமா?

காகிதத்தில் ஆமாம். 2.10, 3.80, 4.10 என்று வேறு வேறு கடையில் கிடைத்தால் கூட்டுத்தொகை 0.983. ஆயிரம் ரேண்டை 484, 268, 248 என்று பிரித்தால் எது நடந்தாலும் 1,017 அளவில் வரும். பதினேழு ரேண்ட் லாபம்.

நடைமுறையில் முதல் சீட்டைப் போட்டு இரண்டாவது கடையைத் திறப்பதற்குள் அங்கே விலை இறங்கியிருக்கும். அல்லது அந்த உயர்ந்த ஆட்ஸ் தட்டச்சுப் பிழை என்று கடை ரத்து செய்யும், அதற்கு அவர்கள் விதிமுறையில் இடம் இருக்கிறது. அப்போது உங்கள் கையில் மிஞ்சுவது பாதிப் பந்தயம். இதையே தொழிலாகச் செய்கிறவர்களின் கணக்குக்கு 20 ரேண்டுக்கு மேல் வைக்க முடியாதபடி வரம்பு போட்டுவிடுவார்கள்.

வெளிநாட்டு சைட் ஒன்றில் மார்ஜின் 2% தான். அங்கே ஆடலாமா?

வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் விளையாட்டுப் பந்தயத்துக்கு ஏதாவது ஒரு மாகாணத்தின் உரிமம் இருக்க வேண்டும். 2004-ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டப்படி, உரிமம் இல்லாத இடத்தில் ஜெயித்த பணம் சட்டவிரோத வெற்றிப் பணம். வங்கிக்கு வரும்போது அதை நிறுத்தி அரசு பறிமுதல் செய்ய வழி இருக்கிறது. 2% மார்ஜின் மேலே, 100% இழப்பு கீழே. உரிமம் எந்த மாகாணத்தினுடையது என்று சைட்டின் அடிப்பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும், அந்த வாரியத்தின் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும்.

மார்ஜினை நீக்கிவிட்டு உண்மையான வாய்ப்பைக் கண்டுபிடிக்க முடியுமா?

தோராயமாக முடியும். முதல் கடையின் 0.5556-ஐ 1.0719-ஆல் வகுத்தால் சன்டவுன்ஸுக்கு 51.8%. அதேபோல் டிரா 27.4%, அல் அஹ்லி 20.7%. இது மார்ஜின் எல்லாப் பக்கமும் விகிதப்படி பூசப்பட்டிருக்கிறது என்று நம்பும் முறை. அது அப்படி இல்லை என்று மேலே பார்த்தோம், ஆகவே பலமான அணியின் வாய்ப்பு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பொருளியலாளர் ஹியுன் சாங் ஷின் 1990-களில் இந்தச் சாய்வையும் கணக்கில் எடுக்கும் ஒரு முறையைச் சொன்னார். வாரம் ஒரு சீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. குறைந்த மார்ஜின் கடையின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் திருத்த வேண்டியது குறைவு.

ஆனால் அது வாய்ப்பு மட்டுமே. 2025 கிளப் உலகக் கோப்பை இறுதியில் பாரிஸ் அணிதான் ஜெயிக்கும் என்று எல்லாக் கடையும் விலை போட்டிருந்தது. செல்சி 3-0.

சரி, குறைந்த மார்ஜினாகப் பார்த்து, ஒற்றை ஆட்டமாக ஆடினால் லாபம் வருமா?

வராது. மெதுவாக இழப்பீர்கள். 100-க்கு 75 திரும்புவதற்குப் பதில் 95 திரும்பும், அவ்வளவுதான் இந்தக் கணக்கின் சக்தி. 105 திரும்ப வேண்டுமென்றால் கடையைவிட ஆட்டத்தை நன்றாகக் கணிக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

வீட்டுக்காரர் "நான் மார்ஜின் பார்த்துத்தான் ஆடுகிறேன், கவலைப்படாதே" என்கிறார். நம்பலாமா தம்பி?

கோயில் அன்னதான வரிசையில் ஒரு அக்கா கேட்டது. அக்கா, மார்ஜின் 4% என்பது ஒவ்வொரு தடவை வைக்கும் தொகையிலும் 4%. அதே ஆயிரம் ரேண்டை ஒரு மாதத்தில் முப்பது தடவை சுழற்றினால் வைத்தது முப்பதாயிரம் ஆகிறது, போவது 1,200-ஐத் தொடும். கையில் இருந்ததே ஆயிரம்தான்.

மார்ஜின் எவ்வளவு என்று அவரிடம் கேட்காதீர்கள். அவருடைய கணக்கில் பரிவர்த்தனைப் பக்கத்தைத் திறந்து, மூன்று மாதத்தில் போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று இரண்டு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தாலோ, காட்டிய பிறகு நிறுத்த முடியவில்லை என்றாலோ, பொறுப்பான சூதாட்டத்துக்கான தேசியத் திட்டத்தின் இலவச எண் 0800 006 008. குடும்பத்தார் பேசினாலும் உதவுவார்கள்.